ஏழாம் கேள்வியிலிருந்து

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லிஃப்ட் கதவில் 'லிஃப்ட் ஓடாது படியில் ஏறவும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. நின்று படித்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து நடுவில் ஒரு கமா போட்டாள். பிறகுதான் படியேறினாள். பின்னால் வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து கமா அக்கா. தன் கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துப்போகவில்லை என்று அச்சகத்துக்கே போய்ச் சண்டை பிடித்தவள் என்று ஒரு கதையும் கூடவே சேர்ந்துகொண்டது. அது கதையில்லை, நடந்ததுதான். அவளும் மறுத்ததில்லை.

வேலையும் அவள் குணத்துக்கு வாய்த்ததுதான். அந்த அலுவலகத்தில் பிள்ளைகளுக்குச் செல்போன் வழியாகப் பாடம் தயாரித்தார்கள். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற பள்ளிக்கூடங்கள் முன்னூறு. அவற்றில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு, முப்பத்தோரு பாடம். அம்மா அப்பாவின் போனிலேயே பாடம் ஓடும், பிள்ளைகள் அதைப் பள்ளிக்கும் எடுத்துவருவார்கள். ஒரு பெண்குரல் சொல்லிக்கொடுக்கும், படம் வரும், கடைசியில் கேள்விகள் வரும். கேள்விக்கு மூன்று விடை, அதில் ஒன்றைத் தொட வேண்டும். சரியென்றால் மணி அடிக்கும். தப்பென்றால் அந்தக் குரல் 'தவறு' என்று சொல்லி, சரியான விடையைப் பச்சையாக்கிக் காட்டும். பதினைந்து கேள்வியாவது சரியாகச் செய்தால்தான் அடுத்த பாடம் திறக்கும். இந்தக் கேள்விகள் எல்லாம் வெளியே போகுமுன் கமா அக்காவின் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

திட்டம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க அரசு ஒரு குழு போட்டிருந்தது. குழுவின் முன்னால் மூன்று யோசனைகள். போன் பாடத்தைத் தொள்ளாயிரம் பள்ளிகளுக்குக் கொண்டுபோவது, அல்லது இந்த ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்கு இன்னொரு ஆசிரியரைப் போடுவது, அல்லது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வானொலிப் பாடத்தையே கொஞ்சம் சீர்செய்து ஓட்டுவது. மூன்றையும் சேர்த்துச் செய்ய வழியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அலுவலகம் நம்பியிருந்தது ஒரு வரைபடத்தை. புள்ளிவிவரம் பார்க்கிற தம்பி போட்டது. பதினான்காம் பாடம், 'எந்தப் பின்னம் பெரியது'. முதல் வாரத்தில் பிள்ளைகள் நூற்றுக்கு முப்பத்தாறு சரியாகச் செய்தார்கள், ஆறாவது வாரத்தில் எண்பத்திரண்டு. கோடு செங்குத்தாக ஏறியது. மற்றப் பாடங்களில் நாற்பத்தைந்தில் தொடங்கி ஐம்பத்திரண்டுக்கு வந்து மூச்சு வாங்கி நின்றது. ஆகவே குழுவுக்குக் கொடுக்கிற அறிக்கையின் அட்டையில் பதினான்கைத்தான் போட்டார்கள். பின்னம் என்றாலே பிள்ளைகளுக்குக் கிலி, அதிலேயே இந்த ஏற்றம் என்றால் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். அந்தப் பாடத்தில் அப்படி என்ன இருந்தது, பிள்ளைகள் எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்று அறிக்கைக்கு ஒரு பத்தி வேண்டும், நீங்களே எழுதிவிடுங்கள் அக்கா என்று மேலாளர் கேட்டுக்கொண்டார்.

அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பாடத்தைச் சரிபார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருபது கேள்வியில் ஏழாவது, மூன்றாவதின் மறுபதிப்பாக இருந்தது. எண்களை முன்பின்னாக மாற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதை அவள்தான் கண்டுபிடித்து அடித்தாள்.

பத்தி எழுத ஒரு பிள்ளையின் கதை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. தோற்று, மறுபடி முயன்று, ஜெயித்த ஒரு பிள்ளை. பதிவேட்டைத் திறந்து, அந்தப் பாடத்தை அதிக முறை செய்தது யார் என்று தேடினாள். இருநூற்றுப் பதினேழு என்ற எண் வந்தது. அறுபத்துமூன்று முறை. சபாஷ் என்று நினைத்துக்கொண்டே மதிப்பெண் வரிசையைப் பார்த்தாள். பத்து. பத்து. பத்து. அறுபத்துமூன்று தடவையும் பத்து. அதன்பிறகு ஒன்றுமில்லை. விட்டுவிட்டது அந்தப் பிள்ளை.

தெரியாத பிள்ளைக்கு ஒரு நாள் எட்டு வரும், ஒரு நாள் பன்னிரண்டு வரும். அசையாமல் பத்தே வருமா? கேள்வி கேள்வியாகத் திறந்தாள். ஆறாம் கேள்வி வரைக்கும் சரி. ஏழாம் கேள்வி: நான்கில் மூன்று பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா, இரண்டும் சமமா? பிள்ளை நான்கில் மூன்று என்று தொட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி. தவறு.

கமா அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேள்விக் கோப்பையும் விடைக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கேள்வி பத்தொன்பது இருந்தது. விடை இருபது இருந்தது. அவள் ஏழாம் கேள்வியை அடித்தபோது கேள்விக் கோப்பிலிருந்து அது போயிற்று. விடைக் கோப்பில் அதன் விடை அப்படியே இருந்துவிட்டது. ஆகவே எட்டாவதாக இருந்த கேள்வி ஏழாவதாகி, அடிபட்ட கேள்வியின் விடையைச் சுமந்துகொண்டது. அதற்கடுத்தது முந்தியதின் விடையை. பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்து போக, இலையை மாற்றாமல் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. பதின்மூன்று கேள்வி இடம் மாறிக் கிடந்தது. அதில் நான்கு தற்செயலாகப் பொருந்திப்போயின. மிச்சம் ஒன்பது தப்பு. எல்லாவற்றையும் சரியாகத் தெரிந்த பிள்ளைக்குப் பத்துதான் வரும், பதினைந்து வரவே வராது.

அப்படியானால் எண்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? மற்றப் பிள்ளைகளின் பதிவைப் பார்த்தாள். முதலில் குழம்பியிருந்தார்கள். பிறகு பச்சையாகத் தெரிந்ததை மனப்பாடம் செய்து அதையே தொட்டிருந்தார்கள். மணி அடித்தது, பாடம் திறந்தது. அந்தச் செங்குத்துக் கோடு முழுக்கப் பிள்ளைகள் தப்பைக் கற்றுக்கொண்ட கோடு. மூவாயிரம் பிள்ளைகள்.

அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி எண்ணினாள். எண்ணிக்கை மாறவில்லை.

மேலாளர் கெட்டவரல்ல. இந்த அலுவலகத்துக்கு வருமுன் பதினோரு வருஷம் ஒரு ஒற்றை ஆசிரியர் பள்ளியில் குப்பை கொட்டியவர். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு ஜன்னல் வழியாக வெளியே குதிக்கும், ஐந்தாம் வகுப்பைப் பிடிக்கப் போனால் ஒன்றாம் வகுப்பு சிலேட்டால் மண்டையை உடைத்துக்கொள்ளும் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவள் சொல்வதை நடுவில் பேசாமல் கேட்டார். விடைக் கோப்பை உடனே திருத்தச் சொன்னார். அட்டையிலிருந்து வரைபடத்தையும் எடுத்துவிடலாம் என்றார். ஆனால் குழுவுக்கு இதை இப்போது சொல்ல வேண்டாம், கூட்டம் முடியட்டும் என்றார்.

அவள் ஏன் என்று கேட்டாள்.

"மத்த பாடம் எல்லாம் நல்ல பாடம். நாற்பத்தஞ்சு ஐம்பத்திரண்டாச்சே, அது நெஜம். சின்ன ஏற்றம்தான், ஆனா நெஜம். இதைச் சொன்னா அவங்க அதைப் பாக்க மாட்டாங்க. மொத்தத்தையும் தூக்கிப் போடுவாங்க. போட்டுட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாத்தியார் அனுப்புவாங்கன்னு நினைக்கறீங்களா? நான் பதினோரு வருஷம் கேட்டேன். வரலை. இதுவும் போயி அதுவும் வராது. அதான் நடக்கும்."

தப்புச் செய்தது தான்தான் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். தப்பு யாருடையது என்று நான் கேட்கவே இல்லையே என்றார் அவர்.

மறுநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, இருநூற்றுப் பதினேழைத் தேடிப் பஸ் ஏறினாள். போய் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நாலு மணி நேரப் பயணம். கடைசி ஒரு மணி நேரம் தூசியைத் தின்றுகொண்டே போனாள்.

பள்ளிக்கூடம் ஒரு நீளமான அறை. மூன்று சுவரில் மூன்று கரும்பலகை. ஆசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும், தொண்டை கட்டிப்போன குரல். போன் பாடம் நடத்துகிற அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவளைப் பேசவிடாமல் அவரே பாராட்ட ஆரம்பித்தார். நாலாம் வகுப்பு போனோடு உட்காரும் அந்த நாற்பது நிமிஷம்தான் தனக்கு மூச்சு விட நேரம் என்றார். அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட முடிகிறது, இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் வாக்கியம் படிக்கிறார்கள், என் வாழ்நாளில் இது நடந்ததில்லை என்றார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. கோபம் வரும் என்று பார்த்தாள். வந்தது வெட்கம்.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்துச்சு மேடம். நான் சரியாத்தானே தொடறேன், ஏன் தப்புன்னு சொல்லுதுன்னு கேட்டுச்சு. பாத்தேன். அது சொன்னது சரின்னுதான் எனக்குப் பட்டுச்சு. பழைய புத்தகத்தை எடுத்து வெச்சுக் கூடப் பாத்தேன். அப்புறம் நினைச்சேன், பெரிய படிப்புப் படிச்சவங்க உக்காந்து போட்டது, நமக்குத்தான் ஏதோ விட்டுப்போச்சுன்னு. உங்க நம்பருக்கு எழுதியும் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்'னு வந்துச்சு. சரி, தொடர்புகொள்வாங்கன்னு இருந்துட்டேன்."

அந்தப் பதில் தானாகப் போகிற பதில். அதில் 'நன்றி'க்குப் பிறகு கமா வைத்ததும் அவள்தான்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். ஒரு பாடத்திலேயே நிற்கிற பிள்ளைகளின் பட்டியல் வாராவாரம் அலுவலகத்திலிருந்து வரும். 'கூடுதல் கவனம் தேவை' என்ற தலைப்பில் அந்தப் பெண்ணின் எண் ஐந்து வாரம் வந்தது. ஆறாவது வாரம், மூன்றாம் வகுப்புப் பாடத்துக்கு இறக்கச் சொல்லி வந்தது. இறக்கினார். அதிலிருந்து அவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சுவரோரமாக உட்காருகிறாள். அவளைவிடப் பதினோரு மாசம் இளைய தம்பி, நாலாம் வகுப்பில் அவளோடு படித்தவன், அந்தப் பதினான்காம் பாடத்தை மூன்றே நாளில் தாண்டிப் போய்விட்டான்.

பள்ளி விட்டதும் அக்காவும் தம்பியும் முன்னால் நடக்க, கமா அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின், அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கால்சட்டைக் குவியல். பட்டறையிலிருந்து வருகிற கால்சட்டைக்குப் பாக்கெட் வைத்துத் தைத்துத் திருப்பி அனுப்புகிற வேலை அம்மாவுக்கு. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டில் தலைகாட்டுவார். பெரியவள் என்றுதான் அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். தம்பி சின்னவன்.

கமா அக்கா குவியலை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்தாள். உடனே சொல்லிவிட வாய் வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான்கில் மூன்று, மூன்றில் இரண்டு என்று எழுதி, இதில் எது பெரிது என்று பெரியவளிடம் கேட்டாள்.

பெரியவள் தாளைப் பார்க்கவில்லை. கமா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதைச் சொல்லணும்னு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

திமிராகக் கேட்கவில்லை. கடைக்குப் போகிற பிள்ளை எந்த சோப்பு வாங்கி வரட்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கமா அக்கா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு என்றாள். எனக்கு ஒண்ணும் தோணலை என்றாள் பெரியவள். சின்னவன் இடையில் புகுந்து, மூன்றில் இரண்டுதான் பெரிது, எனக்குத் தெரியும் என்றான். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா அவனை அடக்கினாள்.

"முன்னாடி நாலுல மூணுன்னு தொட்டியே. அது ஏன்னு மட்டும் சொல்லு. சரி தப்பு வேண்டாம்."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த பாக்கெட் துணித் துண்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குரலே எழும்பாமல் சொன்னாள். "ஒரு துணியை மூணா வெட்டி ரெண்டை எடுத்துக்கிட்டா, மிச்சம் ஒரு பெரிய துண்டு கிடக்கும். நாலா வெட்டி மூணை எடுத்துக்கிட்டா, மிச்சம் சின்னத் துண்டுதான் கிடக்கும். மிச்சம் சின்னதா இருந்தா, எடுத்தது பெருசுதானே."

அந்த முப்பத்தோரு பாடத்தில் எங்கேயும் பின்னத்தை இப்படி விளக்கியிருக்கவில்லை. மிச்சத்தைப் பார்க்கலாம் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கமா அக்கா சொன்னாள், நீ சொன்னது சரி. முதல் நாளிலிருந்து சரி. போன்தான் தப்பு. போன் என்றால் நாங்கள். நாங்கள் என்றால் நான்.

மெஷினில் பாதி தைத்த கால்சட்டை ஊசிக்கு அடியில் கிடந்தது. அம்மா ஊசியைத் தூக்கி அதை வெளியே எடுத்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"நான் இவளை அடிச்சேன்" என்றாள்.

கமா அக்கா வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "பச்சையா அதுவே காட்டிக் குடுக்குது, அதைத் தொட்டுட்டுப் போயேண்டின்னு எத்தனை தடவை சொன்னேன். மாட்டேன், அது தப்புன்னா. சின்னவன் தொட்டான், போயிட்டான். இவ மட்டும் பிடிச்ச பிடியா நின்னா. வாத்தியார் வேற கூப்பிட்டு, இவளுக்குக் கூடுதல் கவனம் வேணும்னு எழுதி வந்திருக்குன்னாரு. வீட்டுக்கு வந்து ஸ்கேலால அடிச்சேன். துணி அளக்கற ஸ்கேல். எனக்குப் படிப்பு வராது, ஆனா துணி வரும். முக்கால் பெருசுன்னு எனக்குத் தெரியாதா? கையில அளவு ஸ்கேலை வெச்சுக்கிட்டே அடிச்சேன்."

அவள் அழவில்லை. கமா அக்காவைப் பார்த்துத்தான் பேசினாள். "நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்லிட்டீங்க. யாரும் வர மாட்டாங்க, நீங்க வந்தீங்க. உங்க மனசு கொஞ்சம் லேசாயிடும். உங்க தப்பை நீங்க அழிச்சு எழுதிடலாம். நான் அடிச்சதை எங்க போயி அழிக்கறது?"

கமா அக்காவின் மனசு லேசாகவில்லை. ஆனால் அதை அங்கே சொல்வது அழகல்ல. பெரியவள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். சின்னவன் மட்டும் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு அவளிடம் வந்து, "அப்ப நான் பாஸானது?" என்று கேட்டான்.

திரும்பி வந்து மேலாளரிடம், குழுவிடம் சொல்லத்தான் போகிறேன் என்றாள். அவர் தடுக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொடுங்கள், நானே உங்களைப் பேச வைக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் ஆறு பேர். தலைவியாக இருந்த அம்மாள் வெடுக்வெடுக்கென்று பேசுகிறவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். கமா அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஏழாம் கேள்வி, விடைக் கோப்பு, மூவாயிரம் பிள்ளைகள், அந்த ஆசிரியருக்குப் போன தானியங்கிப் பதில். ஒன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் வாக்கியம் படிப்பதையும் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

தலைவி மூன்று கேள்வி கேட்டார். மற்றப் பாடங்களில் உண்மையான ஏற்றம் எவ்வளவு? ஏழு புள்ளி. வானொலிப் பாடம் கேட்ட பள்ளிகளில் எவ்வளவு? யாரும் அளக்கவில்லை. இரண்டாவது ஆசிரியர் போட்ட பள்ளிகளில்? அப்படிப் போட்ட பள்ளியே இல்லை, அளப்பது எங்கே? அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வானொலியாவது தப்பாகச் சொன்னால் ஊரே கேட்கும், யாராவது ஒருவர் இது தப்பு என்று சொல்லுவார், போன் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் தனித்தனியாக அல்லவா சொல்கிறது என்றார் குழுவில் இன்னொருவர். வானொலியிடம் ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கவே முடியாதே என்றார் மேலாளர். போனிடம் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று பார்த்தோமே என்றார் அந்தக் குழுக்காரர். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. போன் பாடம் விரிவாக்கம் இல்லை. முன்னூறு பள்ளிகளில் நூற்றறுபதில் நிறுத்தம், மிச்சத்தில் ஒரு வருஷம் கண்காணிப்போடு தொடரலாம். இரண்டாவது ஆசிரியர் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்று அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்தப்பட்ட பள்ளிகளின் பட்டியலைக் கமா அக்கா மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்தாள். பெரியவளின் பள்ளிக்கூடம் அதில் இல்லை. நிம்மதிப்பட்டாள், பிறகு நிம்மதிப்பட்டதற்காகக் கூசினாள். இந்த நூற்றறுபது பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

மேலாளர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். "நீங்க சொன்னது சரி. நான் சொன்னதும் நடந்துருச்சு" என்றார். குரலில் குத்தல் இல்லை. அவள் கேட்டிருந்த பயண அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவள் கேட்டது இதுதான்: பதினான்காம் பாடத்தைச் செய்த பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும். கடிதம் போட்டால் போதாதா என்று புள்ளிவிவரத் தம்பி கேட்டான். கடிதத்துக்கு என்ன மரியாதை என்று நான் பார்த்துவிட்டு வந்தேனப்பா என்றாள். முன்னூறு பள்ளிக்கும் ஒருத்தியால் போக முடியாது. நாலு பேர் கிளம்பினார்கள். பங்கில் அவளுக்கு எழுபத்தாறு.

முதலில் பெரியவளின் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். ஆசிரியர் தயாராக இருந்தார். நீளமான தாள் துண்டுகளை ஒரே அளவில் வெட்டி வைத்திருந்தார். பெரியவளை அவர் ஏற்கெனவே நாலாம் வகுப்புப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார். எது பெரிது என்று கேட்டதும் வகுப்பு முழுக்க ஒரே குரலில், மூன்றில் இரண்டு என்றது. நன்றாக மனப்பாடமாகியிருந்தது. ஆசிரியர் பெரியவளை எழுந்து சொல்லச் சொன்னார். அவள் எழவில்லை. அவர் வற்புறுத்தவுமில்லை. துண்டுகளைக் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார், ஒன்றை மூன்றாக, ஒன்றை நாலாக. சின்னவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். இது தாளோட கோளாறு என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். போனில் வேறு மாதிரி வந்ததே என்றாள் ஒருத்தி. கமா அக்கா கரும்பலகைக்கு முன்னால் நின்று, போனில் தப்பாக வந்தது, அது என்னால் வந்தது என்று சொன்னாள். பிள்ளைகள் அவளை நம்பியதாகத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து வேறொன்று சொல்லக்கூடும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிவில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள், மீதிப் பேர் மாறியதுபோல் இருந்தார்கள்.

பஸ்ஸுக்கு நடந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவள்தான். ஓடி வந்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அக்கா, மத்த பாடத்துலயும் பாத்தீங்களா?"

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பிள்ளை சந்தோஷமாகத் திரும்பிப் போகும். "இருபது பாத்துட்டேன்" என்றாள். "ஒரு கேள்வியில படம் மாறியிருந்துச்சு, திருத்திட்டேன். இன்னும் பதினொண்ணு பாக்கணும்."

பெரியவள் தலையாட்டினாள். "அப்ப நீங்க பாத்து முடிக்கற வரைக்கும் நான் போனைத் தொட மாட்டேன்" என்றாள். "சாரே சொல்லித் தரட்டும்."

சாருக்கு மூன்று கரும்பலகை, ஒரு தொண்டை. அது அவளுக்கும் தெரியும், கமா அக்காவுக்கும் தெரியும். தொடத்தான் வேண்டும் என்று சொல்லக் கமா அக்காவுக்கு வாயில்லை. சரி என்றாள். பெரியவள் வந்த வழியே திரும்பி ஓடினாள். பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது. கமா அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இருபத்தோராம் பாடத்தின் கேள்விக் கோப்பையும் விடைக் கோப்பையும் எடுத்து மடியில் விரித்தாள்.